அடுக்கு மாற்றமும் குறுக்கீடும்: 8086 நுண்செயலியின் திருத்தம் முதல் 2018ஆம் ஆண்டின் கெர்னல் வழு வரை

ஆய்வுச் சுருக்கம்

இன்டெல் நிறுவனத்தின் 8086 நுண்செயலியில் குறுக்கீடுகளைக் கையாள்வதில் ஒரு வழு இருந்தது. அதைக் களைய வன்பொருளில் ஒரு சிறிய விதி சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின்னர், 2018ஆம் ஆண்டு மே மாதம், அதே விதியின் விளைவாக விண்டோஸ், லினக்ஸ், மேக் ஓஎஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஸென் முதலிய பல கெர்னல்களில் ஒரே வேளையில் ஒரு பாதுகாப்பு வழு வெளிப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளையும் ஒரே வரலாற்றின் இரு முனைகளாகக் கொண்டு, பழைய திருத்தம் புதிய வழுவுக்கு இடமளித்தது எவ்வாறு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வன்பொருள் தன் விதிப்படியே இயங்கியது. கெர்னல்களோ அவ்விதி சொல்லாத ஒன்றை உறுதியெனக் கொண்டன என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: குறுக்கீடு, கெர்னல், 8086, அடுக்கு, பிழைநீக்க விதிவிலக்கு, லினக்ஸ், கணினி வரலாறு.

முன்னுரை

கணினியின் செயலி ஆணைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றுவது. எனினும் விசைப்பலகை, கடிகாரம், வட்டு போன்ற புறக்கருவிகள் அதன் கவனத்தை எந்தக் கணத்திலும் கோரலாம். அவ்வாறு கோரப்படும்போது செயலி நடந்துகொண்டிருக்கும் வேலையை இடையில் நிறுத்தி, திரும்பி வரவேண்டிய இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, கெர்னலில் அதற்கென அமைந்த நிரல்பகுதிக்குச் செல்கிறது. இதுவே குறுக்கீடு எனப்படுகிறது. திரும்பி வரவேண்டிய இடம் குறிக்கப்படும் நினைவகப் பகுதிக்கு அடுக்கு என்பது பெயர். கடைசியில் வைத்தது முதலில் எடுக்கப்படும் என்பது அதன் ஒழுங்கு.

குறுக்கீடு எப்போது வரும் என்பதை நிரலர் அறிய இயலாது. ஆதலால் அதைச் சார்ந்த வழுக்கள் பெரும்பாலும் சோதனையில் அகப்படுவதில்லை. லட்சம் முறை சரியாக இயங்கிய நிரல் அடுத்த முறை காரணம் தெரியாமல் நின்றுபோகலாம். மீண்டும் இயக்கினால் அதே பிழை தோன்றுவதில்லை. இத்தகைய ஒரு வழு கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்ட வரலாறும், அத்திருத்தத்தின் பின்விளைவும் இங்கு ஆராயப்படுகின்றன.

இரண்டு பதிவகங்கள், ஓர் இடம்

8086 நுண்செயலி 1978ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் பதிவகங்கள் 16 பிட் அகலமுடையவை. ஒரு பதிவகத்தைக் கொண்டு 64 கிலோபைட் நினைவகத்தை மட்டுமே சுட்ட முடியும். ஆனால் அச்செயலியின் முகவரிகள் 20 பிட் அகலமுடையவை. அவற்றால் ஒரு மெகாபைட் நினைவகத்தை எட்ட முடியும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை நிரப்ப, ஒவ்வொரு முகவரியும் இரண்டு எண்களால் குறிக்கப்பட்டது. ஒன்று நினைவகப் பகுதியின் தொடக்கத்தைக் காட்டுவது. மற்றது அத்தொடக்கத்திலிருந்து உள்ள தொலைவைக் காட்டுவது. முதல் எண்ணை 16ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால் உண்மையான முகவரி கிடைக்கும்.

அடுக்கின் இடமும் இவ்வாறே குறிக்கப்பட்டது. எஸ்எஸ் என்னும் பதிவகம் அடுக்கு அமைந்த பகுதியையும், எஸ்பி என்னும் பதிவகம் அப்பகுதிக்குள் அடுக்கின் உச்சியையும் காட்டின. ஓர் இயக்கமுறைமை ஒரு நிரலின் அடுக்கிலிருந்து வேறோர் அடுக்குக்கு மாற வேண்டுமானால் இவ்விரண்டையும் மாற்றியாக வேண்டும். 8086 செயலியில் இரண்டையும் ஒருசேர மாற்றும் ஆணை இல்லை. முதலில் எஸ்எஸ், பின்னர் எஸ்பி என்று இரண்டு ஆணைகள் தேவைப்பட்டன.

வழு இங்குதான் இருந்தது. முதல் ஆணை முடிந்து இரண்டாவது தொடங்குவதற்கு முன் குறுக்கீடு வந்தால், எஸ்எஸ் புதிய பகுதியையும் எஸ்பி பழைய உச்சியையும் காட்டும். இவ்விரண்டும் சேர்ந்து சுட்டும் இடம் எந்த நிரலுக்கும் உரிய அடுக்கன்று. குறுக்கீட்டின்போது செயலி தன் நிலைக்கொடிகளையும், திரும்ப வேண்டிய இடத்தைக் காட்டும் இரு பதிவகங்களின் மதிப்பையும் அடுக்கில் எழுதும். ஆகவே, மொத்தம் 6 பைட்டுகள் தொடர்பற்ற ஓரிடத்தில் எழுதப்பட்டுவிடும். அங்கு ஏற்கெனவே இருந்த தரவோ ஆணையோ அழிந்துபோகும்.

இது எவ்வளவு அரிதாக நிகழும் என்பதை ஐபிஎம் பிசியின் அளவுகளைக் கொண்டு மதிப்பிடலாம். 1981ஆம் ஆண்டு வெளிவந்த அக்கணினி, 8086இன் உடன்பிறப்பான 8088 செயலியை 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயக்கியது. அதன் கடிகாரக் குறுக்கீடு நொடிக்கு ஏறத்தாழ 18.2 முறை வரும். ஒரு பதிவகத்திலிருந்து எஸ்எஸ் பதிவகத்தை நிரப்பும் ஆணைக்குக் கையேட்டுக் கணக்கின்படி 2 துடிப்புகள், அதாவது அரை மைக்ரோநொடிக்கும் குறைவான நேரம், போதும். அந்நேரத்துக்குள் கடிகாரக் குறுக்கீடு வந்து விழும் வாய்ப்பு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அடுக்கு மாற்றங்களுக்கு ஒரு முறை என்ற அளவில் அமைகிறது. அரிதே எனினும், நாள்தோறும் பல்லாயிரம் முறை அடுக்கு மாறும் கணினியில் இது நிகழாமல் போவதற்கில்லை.

சில்லில் செய்யப்பட்ட திருத்தம்

இவ்வழுவை மென்பொருளில் தவிர்க்க ஒரு வழி இருந்தது. அடுக்கை மாற்றுவதற்கு முன் குறுக்கீடுகளைத் தடுக்கும் ஆணையையும், மாற்றியபின் அவற்றை அனுமதிக்கும் ஆணையையும் இடலாம். இவ்வழி முழுமையானதன்று. தடுக்கவியலாக் குறுக்கீடு என்றொரு வகை உண்டு. ஐபிஎம் பிசியில் நினைவகச் சமநிலைப் பிழையை அறிவிக்கவும் 8087 கணிதத் துணைச்செயலியின் பிழைகளை அறிவிக்கவும் அது பயன்பட்டது. பெயருக்கேற்ப, தடையாணை அதற்குப் பொருந்தாது. மேலும், ஒவ்வொரு நிரலரும் மறவாமல் இவ்வொழுங்கைப் பின்பற்றுவார் என்று எதிர்பார்ப்பதற்கும் இல்லை.

ஆகவே இன்டெல் சில்லிலேயே திருத்தம் செய்தது. எஸ்எஸ் போன்ற பகுதிப் பதிவகம் ஒன்று மாற்றப்பட்டால், அதை அடுத்துவரும் ஓர் ஆணை முடியும்வரை குறுக்கீடுகள் ஏற்கப்படா என்பதே சேர்க்கப்பட்ட விதி. இதனால் எஸ்எஸ் மாற்றத்தை அடுத்து உடனே எஸ்பி மாற்றத்தை எழுதினால் இரண்டும் பிரிக்கவியலாத ஒன்றாக நடைபெறும். திருத்தப்படாத 8088 சில்லுகள் தொடக்ககால ஐபிஎம் பிசிகள் சிலவற்றில் இடம்பெற்றிருந்தன. சில்லின் மேற்பரப்பில் பதிப்புரிமை ஆண்டாக 1978 மட்டும் அச்சிடப்பட்டிருந்தால் அது பழையது எனவும், 1981ஆம் ஆண்டும் சேர்ந்திருந்தால் திருத்தப்பட்டது எனவும் அறியலாம். 8086 சில்லின் இரு பதிப்புகளை உருப்பெருக்கிப் படமெடுத்து ஒப்பிட்ட கென் ஷிரிஃப், 2022ஆம் ஆண்டு இத்திருத்தம் சில்லின் மின்சுற்றில் எவ்விடத்தில் செய்யப்பட்டது என்பதை எடுத்துக்காட்டினார்.

பழைய சில்லையும் புதிய சில்லையும் மென்பொருள்வழி வேறுபடுத்த நிரலர்கள் கையாண்ட முறை இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. செயலியை ஒவ்வோர் ஆணைக்கும் நின்று நின்று செல்லுமாறு பணிக்கும் ஒற்றைப்படி முறை 8086இலேயே இருந்தது. ஒவ்வோர் ஆணைக்குப் பின்னும் 1ஆம் எண் குறுக்கீடு எழும். எஸ்எஸ் மாற்றும் ஆணையை இம்முறையில் இயக்கினால், பழைய சில்லு அதன் பின் நிற்கும். புதிய சில்லோ அடுத்த ஆணையையும் முடித்த பிறகே நிற்கும். அதாவது, புதிய விதி புறக்கருவிகளின் குறுக்கீடுகளை மட்டுமல்லாமல் பிழைநீக்கக் குறுக்கீட்டையும் ஓர் ஆணை தள்ளிப்போட்டது. அந்நாளில் இது சில்லை அடையாளம் காணும் உத்தியாக மட்டுமே கருதப்பட்டது. பின்னாளில் வெளிப்பட்ட வழுவின் வேர் இதுவே.

பிழைநீக்கப் பதிவகங்களின் வருகை

1985ஆம் ஆண்டின் 80386 செயலி இரண்டு மாற்றங்களைக் கொணர்ந்தது. முதலாவது, எஸ்எஸ் பதிவகத்தையும் அடுக்குச் சுட்டியையும் ஒரே ஆணையில் நிரப்பும் எல்எஸ்எஸ் ஆணை. இதன் வருகையால் பழைய விதி தேவையற்றதாகிவிட்டது. ஆயினும் பழைய நிரல்கள் தொடர்ந்து இயங்க வேண்டும் என்பதால் விதி நீக்கப்படவில்லை. எஸ்எஸ் பதிவகத்துக்கு மட்டும் உரியதாகப் பிற்காலச் செயலிகளில் நிலைத்தது. இன்டெலின் கையேடு எல்எஸ்எஸ் ஆணையைப் பரிந்துரைத்தது. உடன் பழைய விதியையும் பதிவுசெய்தது.

இரண்டாவது, பிழைநீக்கப் பதிவகங்கள். நிரலர் நான்கு முகவரிகளை இவற்றில் குறித்துவைக்கலாம். குறித்த இடத்தை ஏதேனும் ஓர் ஆணை படித்தாலோ எழுதினாலோ, அவ்வாணை முடிந்ததும் 1ஆம் எண் விதிவிலக்கு எழும். இப்பதிவகங்களை நேரடியாக மாற்றும் உரிமை கெர்னலுக்கு மட்டுமே உண்டு. எனினும் பிழைநீக்கிகள் இயங்க வேண்டும் என்பதால், சாதாரணப் பயனரும் தன் நிரலுக்கு உரிய நினைவகத்தில் இத்தகைய கண்காணிப்பை அமைத்துத் தருமாறு கெர்னலைக் கேட்டுப் பெறலாம். லினக்ஸில் பிட்ரேஸ் அழைப்பு இதற்கு உதவுகிறது.

இவ்விரு வசதிகளும் தனித்தனியே தீங்கற்றவை. எஸ்எஸ் மாற்றும் ஆணை தன் மதிப்பைக் கண்காணிக்கப்படும் இடத்திலிருந்து படித்தால் என்ன நிகழும் என்பதே இரண்டும் சந்திக்கும் புள்ளி. விதிவிலக்கு எழ வேண்டும். ஆனால் பழைய விதிப்படி அடுத்த ஆணை முடியும்வரை அது காத்திருக்கும்.

64 பிட் கெர்னலின் நுழைவாயில்

ஏஎம்டி வகுத்து 2003ஆம் ஆண்டு ஆப்டெரான் செயலியில் விற்பனைக்கு வந்த 64 பிட் கட்டமைப்பு, கெர்னலுக்குள் நுழையும் முறையை மாற்றியது. பயனர் நிரலும் கெர்னலும் தத்தம் தரவுகளைக் கண்டடைய ஜிஎஸ் என்னும் பதிவகத்தின் அடிமுகவரியைப் பயன்படுத்துகின்றன. பயனர் நிலையில் அது பயனரின் மதிப்பைக் கொண்டிருக்கும். கெர்னலுக்குள் நுழைந்ததும் ஸ்வாப்ஜிஎஸ் என்னும் ஆணை அதைக் கெர்னலின் மதிப்பாக மாற்ற வேண்டும். இதைச் செயலி தானே செய்வதில்லை. கெர்னலின் நுழைவாயில் நிரல் செய்ய வேண்டும். ஆகவே கெர்னலுக்குள் நுழைந்த முதல் ஆணைக்கும் ஸ்வாப்ஜிஎஸ் முடிவதற்கும் இடையே ஒரு சிறு இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில் செயலி உயர்ந்த சிறப்புரிமையுடன் இயங்கும். ஆனால் ஜிஎஸ் பயனரின் மதிப்பையே சுட்டும்.

ஒரு விதிவிலக்கு எழுந்ததும் அதைக் கையாளும் நிரல், அது எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கிறது. பயனர் நிலையிலிருந்து வந்தால் ஸ்வாப்ஜிஎஸ் தேவை. கெர்னல் நிலையிலிருந்து வந்தால் அது ஏற்கெனவே நடந்திருக்கும் என்று பல கெர்னல்கள் கொண்டன. இடைவெளியில் புறக்கருவிக் குறுக்கீடு வராது. ஏனெனில் நுழையும்போதே அவை தடுக்கப்படுகின்றன. பிழைநீக்க விதிவிலக்கும் அங்கு எழாது. ஏனெனில் கெர்னல் தன் நுழைவாயிலில் கண்காணிப்பை அமைப்பதில்லை. இந்தத் தருக்கத்தில், பயனர் நிலையில் தோன்றிய விதிவிலக்கு ஓர் ஆணை தாமதித்துக் கெர்னல் நிலையில் வந்து சேரும் வாய்ப்பு மட்டும் விடுபட்டிருந்தது.

2018: வழு வெளிப்பட்ட விதம்

2018ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் இவ்வழு சிவிஇ-2018-8897 என்னும் எண்ணுடன் அறிவிக்கப்பட்டது. நிக் பீட்டர்சன், நெமன்யா முலாஸ்மாயிச் ஆகிய இருவரும் இதைக் கண்டறிந்து விளக்கினர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் செர்ட் ஒருங்கிணைப்பு மையம் அதே நாளில் குறிப்பு வெளியிட்டது. பல நிறுவனங்கள் அதற்கு முன்பே தனிப்பட எச்சரிக்கப்பட்டுத் திருத்தங்களை ஆயத்தமாக வைத்திருந்தன.

வழுவைத் தூண்டும் முறை எளியது. பயனர் தன் நினைவகத்தில் ஓரிடத்தைக் கண்காணிப்பில் வைக்கிறார். அவ்விடத்திலிருந்து எஸ்எஸ் பதிவகத்தை நிரப்பும் ஆணையை இயக்குகிறார். அதை அடுத்து எஸ்பி மாற்றத்தை வைக்காமல், கெர்னலுக்குள் நுழையும் ஆணையை வைக்கிறார். அது இன்ட் ஆணையாகவோ சிஸ்கால் ஆணையாகவோ இருக்கலாம். தள்ளிப்போடப்பட்ட விதிவிலக்கு அவ்வாணை முடிந்ததும் எழுகிறது. ஆனால் அப்போது செயலி கெர்னலுக்குள் நுழைந்துவிட்டது. கெர்னலின் முதல் ஆணை இன்னும் இயங்கவில்லை. ஆகவே விதிவிலக்கு கெர்னல் நிலையிலிருந்து வந்ததாகத் தோற்றமளிக்கிறது. ஜிஎஸ் பதிவகமோ பயனரின் மதிப்பைக் கொண்டிருக்கிறது.

விண்டோஸில் இதன் விளைவு கடுமையானது. கையாளும் நிரல் பயனரின் ஜிஎஸ் மதிப்பைக் கெர்னலுடையதென நம்பியதால், சிறப்புரிமையற்ற பயனர் கெர்னலின் உரிமையைப் பெறும் வழி திறந்தது. அவ்வாண்டு ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஆகியவை செயலிகளின் உள்ளமைப்பில் இருந்த குறைகள். அவற்றினின்றும் இது வேறுபட்டது. இங்குச் செயலி தன் கையேட்டில் எழுதப்பட்டவாறே இயங்கியது.

லினக்ஸில் நேர்ந்ததும் அதன் திருத்தமும்

லினக்ஸ் கெர்னலின் பிழைநீக்க விதிவிலக்குக் கையாளி, எங்கிருந்து வந்தோம் என்பதை நம்பாமல் ஜிஎஸ் பதிவகத்தின் உண்மையான மதிப்பைப் படித்துப் பார்த்து முடிவுசெய்யும் வகையில் முன்னரே எழுதப்பட்டிருந்தது. ஆகவே ஜிஎஸ் வழி அங்கு அடைபட்டிருந்தது. எனினும் லினக்ஸ் தப்பவில்லை. அதன் குறை வேறோரிடத்தில் இருந்தது.

64 பிட் கட்டமைப்பில் குறிப்பிட்ட விதிவிலக்குகளுக்குத் தனி அடுக்குகளை ஒதுக்கும் வசதி உண்டு. ஏழு அடுக்குகள்வரை இவ்வாறு ஒதுக்கலாம். ஒதுக்கப்பட்ட விதிவிலக்கு எழும் ஒவ்வொரு முறையும் செயலி அவ்வடுக்கின் உச்சியிலிருந்தே எழுதத் தொடங்கும். முந்தைய விதிவிலக்கு அங்கு இன்னும் முடியாமல் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. லினக்ஸில் 1ஆம் எண் பிழைநீக்க விதிவிலக்கும், இன்ட் 3 என்னும் நிறுத்துப்புள்ளி ஆணையால் எழும் 3ஆம் எண் விதிவிலக்கும் ஒரே தனி அடுக்கைப் பகிர்ந்துகொண்டன. ஒன்றினுள் ஒன்று எழுந்தால் மோதாதிருக்க, கையாளி நுழைந்தவுடன் அடுக்கின் உச்சியை நகர்த்தி வைக்கும் ஏற்பாடும் இருந்தது.

எஸ்எஸ் மாற்றத்தை அடுத்து இன்ட் 3 வந்தபோது இவ்வேற்பாடு பயன்படவில்லை. இன்ட் 3 தன் மீள்முகவரியைத் தனி அடுக்கின் உச்சியில் எழுதுகிறது. கையாளியின் முதல் ஆணை இயங்குமுன், அதாவது உச்சியை நகர்த்தும் வாய்ப்புக் கிடைக்குமுன், தாமதித்த விதிவிலக்கு எழுகிறது. அது அதே உச்சியில் எழுதி முன்னதை அழிக்கிறது. திரும்பிச் செல்லும் வழி தொலைந்த கெர்னல் நிலைகுலைகிறது. 8086இல் பொருந்தாத இடத்தில் எழுதப்பட்டு நினைவகம் அழிந்தது. லினக்ஸில் ஒரே இடத்தில் இருமுறை எழுதப்பட்டு அடுக்கு அழிந்தது.

ஆண்டி லூட்டோமிர்ஸ்கி எழுதிய திருத்தம், 3ஆம் எண் விதிவிலக்கைத் தனி அடுக்கிலிருந்து விடுவித்துக் கெர்னலின் இயல்பான அடுக்குக்கு மாற்றியது. இதன்பின் இரு விதிவிலக்குகளும் வெவ்வேறு அடுக்குகளில் எழுதியதால் மோதல் இல்லாதாயிற்று. புதிய காப்பு எதையும் அது சேர்க்கவில்லை. முன்னர் தேவையெனக் கருதப்பட்ட ஒரு காப்பை நீக்கியது. இத்திருத்தம் 2018ஆம் ஆண்டு மார்ச்சில் மூலநிரலில் இணைக்கப்பட்டு, ஏப்ரல் 1ஆம் நாள் வெளிவந்த 4.16 பதிப்பில் இடம்பெற்றது. அதனுடன் இருந்த விளக்கம், நிறுத்துப்புள்ளி விதிவிலக்குக்குத் தனி அடுக்கு தேவையில்லை என்ற பொறியியல் காரணத்தையே முன்வைத்தது. பாதுகாப்பு வழு மே மாதத்தில்தான் பொதுவெளிக்கு வந்தது. லினக்ஸின் கேவிஎம் மெய்நிகராக்கத்திலும் இதனோடு தொடர்புடைய குறை கண்டறியப்பட்டு, சிவிஇ-2018-1087 என்னும் தனி எண்ணில் திருத்தப்பட்டது.

கையேடும் அதன் வாசிப்பும்

தனித்தனியே வளர்ந்த பல கெர்னல்கள் ஒரே இடத்தில் தவறியது தற்செயலன்று. அவற்றை எழுதியவர்கள் அனைவரும் ஒரே கையேட்டைப் படித்தவர்கள். அக்கையேடு விதியைச் சொன்னது; அதன் நோக்கத்தையும் சொன்னது. எஸ்எஸ் மாற்றத்தை அடுத்து எஸ்பி மாற்றம் பாதுகாப்பாக நடைபெறுவதற்கே இந்தத் தாமதம் என்பது அந்நோக்கம். நோக்கத்தை அறிந்த வாசகர், அடுத்துவரும் ஆணை எஸ்பி மாற்றமாகவே இருக்கும் என்று தம்மையறியாமல் கொண்டுவிட்டனர். விதியோ அடுத்த ஆணை எதுவாயினும் பொருந்துவது. சிறப்புரிமை எல்லையைக் கடக்கும் ஆணைக்கும் அது விலக்களிக்கவில்லை. அத்தகைய ஆணை அடுத்து வந்தால் விதிவிலக்கு எல்லையின் எப்பக்கத்தில் எழும் என்பதைக் கையேடு வெளிப்படையாக உரைக்கவில்லை. செர்ட் மையத்தின் குறிப்பும் வழுவின் காரணத்தை, ஆவணம் புரிந்துகொள்ளப்பட்ட முறையிலேயே கண்டது. இவ்வறிவிப்புக்குப் பின்னர் இன்டெல் தன் கையேட்டில் இப்பகுதியை விரிவாக்கி எழுதியது.

பிழை கையேட்டினுடையதா, அதைப் படித்தவர்களுடையதா என்ற வினா இங்கு எழுகிறது. 1978இன் செயலியில் பயனர், கெர்னல் என்ற சிறப்புரிமை வேறுபாடே இல்லை. ஆகவே விதியை வகுத்தோர் எல்லை கடக்கும் ஆணையை எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பின்வந்த செயலிகளில் சிறப்புரிமை நிலைகளும், பிழைநீக்கப் பதிவகங்களும், ஜிஎஸ் மாற்றமும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தபோது, பழைய விதி மாறாமல் தொடர்ந்தது. ஒவ்வொரு சேர்க்கையும் அவ்விதியோடு எவ்வாறு பொருந்தும் என்று மீண்டும் வினவப்படாததே குறை. தனியொருவரின் கவனக்குறைவாக அன்றி, பழைய நிரல்களைக் கைவிடாத பொருத்தப்பாட்டுக் கொள்கைக்குச் செலுத்தப்பட்ட விலையாகவே இதைக் கொள்ளுதல் தகும்.

முடிவுரை

8086இன் வழு, பிரிக்கக்கூடாத ஒரு செயல் இரண்டு ஆணைகளாகப் பிரிந்திருந்ததால் நேர்ந்தது. அதற்கான திருத்தம் இரண்டையும் விதியால் கட்டியது. 2018இன் வழுவும் அதே இயல்புடையது. கெர்னலுக்குள் நுழைவது என்னும் ஒரே செயல், செயலியின் தாவல், அடுக்கு மாற்றம், ஜிஎஸ் மாற்றம் எனப் பிரிந்து கிடந்ததால் அது நேர்ந்தது. இம்முறை ஒவ்வொரு கெர்னலும் தன் இடைவெளியைத் தானே அடைத்துக்கொண்டது.

இடைவெளியையே நீக்கும் முயற்சி பின்னர் வந்தது. இன்டெல் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட ஃப்ரெட் என்னும் புதிய நிகழ்வுக் கையாளல் வரையறையில், கெர்னலுக்குள் நுழையும்போது ஜிஎஸ் மாற்றத்தைச் செயலியே செய்கிறது. தனி அடுக்குகளுக்குப் பதிலாக அடுக்கு நிலைகள் வைக்கப்பட்டுள்ளன. ஒரே நிலையில் விதிவிலக்கு மீண்டும் எழுந்தால் முந்தையதன்மேல் எழுதாமல் அதைத் தொடர்ந்தே எழுதப்படும். லினக்ஸ் கெர்னல் 2024ஆம் ஆண்டின் 6.9 பதிப்பில் இதற்கான ஆதரவைப் பெற்றது.

80386இன் எல்எஸ்எஸ் ஆணை அடுக்கு மாற்றத்துக்குச் செய்ததை ஃப்ரெட் கெர்னல் நுழைவுக்குச் செய்கிறது. எல்எஸ்எஸ் வந்த பின்னும் பழைய விதி நீங்கவில்லை என்பதும், 2018இன் வழு அவ்விதியிலிருந்தே தோன்றியது என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கன. ஃப்ரெட் வசதியற்ற செயலிகள் வழக்கில் உள்ளவரை கெர்னல்கள் பழைய நுழைவாயிலையும் காத்துவர வேண்டியிருக்கும். ஒரு திருத்தத்தை மதிப்பிடும்போது அது எந்த வழுவைக் களைந்தது என்பதோடு, அது தேவையற்றுப்போன பின்னும் எவ்வளவு காலம் உடன்வரும் என்பதையும் கணக்கிற்கொள்ள வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் முடிபாகும்.